இருவர் ஆட்டத்துக்கு ஒன்பது மார்க்

மே 14

அன்புள்ள வாத்தியாருக்கு,

இங்கே நான் நலம். மேல் மாடியில் உன் அக்கா இருக்கும்வரை நீ பட்டினி கிடக்க மாட்டாய் என்ற தைரியத்தில் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம், இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீதான். ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊரில் வருகிற வீடியோ கேமுக்கெல்லாம் வாராவாரம் வாத்தியார் மாதிரி மார்க் போட்டுப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறவருக்குக் கட்டிய மனைவிக்கு நாலு வரி எழுதக் கை வரவில்லை. போகட்டும். இன்று நான் மனைவியாக எழுதவில்லை. உன் பத்திரிகையின் வாசகியாக ஒரு புகார் கொடுக்க எழுதுகிறேன்.

போன மாதம் அந்த வீடு மாற்றும் கேமுக்குப் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தாயே, அதை நம்பி எங்கள் கைப்பயிற்சி வார்டுக்கு வாங்கினோம். நான்கு மாதத்துக்கு ஒரு கேம்தான் வாங்கித் தருவார்கள், எதை வாங்குவது என்று சொல்வது என் பொறுப்பு. "வீட்டில் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம், குழந்தைக்கும் கை வரும்" என்று நீ எழுதியிருந்ததைப் பெரிய டாக்டரிடம் வாசித்துக் காட்டித்தான் வாங்கினேன்.

பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துபோன பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். மணிக்கட்டு முறிந்து தேறிவரும் தையல்காரம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். ஆளுக்கொரு முனையில் பீரோவைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டும், அவ்வளவுதானே? நாலாவது படியில் ஆரம்பித்தது. "இடது பக்கம் திருப்புங்க!" "எந்த இடது? உங்க இடதா, என் இடதா?" பீரோ விழுந்தது. விழுந்தால் மறுபடி மொட்டை மாடியிலிருந்து இறங்க வேண்டுமாமே, அதை நீ எழுதவே இல்லை. ஒன்பதாவது முறை விழுந்ததும் டிரைவர் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்துவிட்டு, "எல்லாம் இந்தக் கையாலதான்" என்று எழுந்து போனார். ஒரு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. எனக்கு உன் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

இன்னொரு விஷயம். தற்காலிகமாக வந்த என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

உன்,
கைவைத்தியச்சி

---

மே 19

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்னடா எழுதியிருக்கா? வர்றாளாமா?" என்று கேட்டாள். புகார் எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிரைவர் விஷயம் கேட்டு எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. என் பத்திரிகையை வாங்குவது யார்? பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். பட்டன் அழுத்தினால் எத்தனை சீக்கிரம் நகர்கிறது, படம் தடைபடாமல் ஓடுகிறதா, முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும், இதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். கை தளர்ந்தவர்களுக்காக எழுத ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். துணிக்கடையில் போய் மாத்திரை கேட்டுவிட்டுக் கடைக்காரனைத் திட்டுவது என்ன நியாயம்?

சும்மா ஒப்புக்கு மார்க் போட்டேன் என்று மட்டும் நினைக்காதே. ஒரு முழு வாரம் ஆடினேன். ஆறு வீடும் காலி செய்து முடித்தேன். சண்டை இல்லை, கத்தல் இல்லை, பீரோ, கட்டில், கண்ணாடி எல்லாம் பூப்போல இறங்கின. இரண்டு முனையும் ஒரே மனசாக நகரும், அப்படி ஒரு சுகமான ஆட்டம். ஒன்பது என்ன, ஒன்பதரை போட்டிருப்பேன், எடிட்டர் அரை மார்க்குக்கெல்லாம் இடமில்லை என்றுவிட்டார்.

நிரந்தர வேலை பற்றி எழுதியிருந்தாய். உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். எப்படியும் நீ இங்கே வந்துவிடுவாய் என்று அக்கா சொல்கிறாள்.

குழாய் ஒழுகுவதைச் சரி செய்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வாத்தியார்

---

மே 23

மதிப்பிற்குரிய விமர்சகர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழாய் சரியானதில் மகிழ்ச்சி.

டிரைவரையும் தையல்காரம்மாவையும் விடுங்கள். அதற்குப் பிறகு வார்டில் எட்டு ஜோடிகளை ஆட வைத்துப் பார்த்தேன். கை நன்றாக இருக்கிற நர்ஸ்கள் இரண்டு பேரும் ஆடினார்கள், ஒரே அறையில் தங்கும் சிநேகிதிகள். மூன்றாவது படியில் ஒருத்தி இன்னொருத்தியின் குடும்பத்தையே இழுத்துவிட்டாள். சண்டை இல்லாமல் அந்த பீரோவை இறக்கிய ஒரு ஜோடியையும் நான் பார்க்கவில்லை.

நீங்கள் மட்டும் ஆறு வீடு காலி செய்திருக்கிறீர்கள். ஒரு கத்தல் இல்லை. இரண்டு முனையும் ஒரே மனசாம்.

பதின்மூன்று வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ஆட்டம் எத்தனை ஆடியிருப்பேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நாம் சண்டை போடாமல் ஆடியிருக்கிறோமா? "அங்க போகாதே, இங்க வா, அதைத் தொடாதே" என்று நீங்கள் சொல்லாத நாள் உண்டா? உங்களோடு ஒரு வாரம் முழுக்கச் சத்தம் போடாமல் பீரோ தூக்கிய அந்தப் புண்ணியவதி யார்? தெரிந்துகொள்ளலாமா?

கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எட்டு மாதமாக வீட்டில் இல்லாதவள்தானே. ஆனால் ஜூன் முப்பதுக்கு முன்னால் தெரிந்தால் எனக்கு முடிவு செய்வது சுலபமாக இருக்கும். நேற்று வார்டில் ஒருவருக்கு விரல் மடக்கிப் பழக்கும்போது எனக்கு எண்ணிக்கை இரண்டு முறை தப்பிப்போனது. அவர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க வேணா கொஞ்சம் உட்காருங்க" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

---

மே 27

என் டாக்டரம்மா,

நீங்கள், தாங்கள் என்று எழுதாதே. நீ திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

யாரும் இல்லை. நான்தான்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அந்த கேமில் ஆளுக்கு, கட்டை விரலால் தள்ளும் ஒரு குச்சி, ஒரு பட்டன், அவ்வளவுதான் வேலை. இடது தொடையில் ஒரு கன்ட்ரோலர், வலது தொடையில் ஒரு கன்ட்ரோலர் வைத்துக்கொண்டேன். இடது கைக்கு ஒரு முனை, வலது கைக்கு ஒரு முனை. முதல் நாள் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாம் நாளே பழகிவிட்டது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் தூக்கினால் எங்கே சண்டை வரும்? ஒரே மனசு என்று எழுதினேனே, ஒரே மனசுதான், என்னுடையது. எழுதும்போது இது தப்பு என்று எனக்கு உறைக்கவே இல்லை என்றால் நம்புவாயா? நன்றாக ஆடினேன், நன்றாக இருந்தது, ஒன்பது போட்டேன்.

இருவர் ஆட்டம் எது வந்தாலும் உன்னோடு ஆடித்தான் எழுதியிருக்கிறேன். நீ போன பிறகு யாரைக் கூப்பிடுவது? அக்காவுக்கு டிவி ரிமோட்டே தகராறு. ஆபீஸில் ஒருவனைக் கூப்பிட்டால், "ஏன், வீட்ல அவங்க இல்லையா?" என்று கேட்பான். நீ வேறு ஊரில் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. எட்டு மாதமாக, "அவ நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் எடிட்டர், "உன் சம்சாரத்துக்கு இந்த கேம் பிடிச்சுதாய்யா?" என்று கேட்டார். ரொம்பப் பிடித்தது என்று சொன்னேன்.

இத்தனை அசிங்கத்தையும் எழுதிவிட்டேன். உன் நோயாளியே உன்னை உட்காரச் சொன்னார் என்று படித்த பிறகு மறைக்க மனம் வரவில்லை.

உன்,
வாத்தியார்

---

மே 31

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரித்தேன், எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பிறகு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்காதே, நிம்மதியில் பாதி, உன் மேல் பரிதாபத்தில் பாதி. இரண்டு தொடையிலும் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கும் கோலத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீ இப்போதுதான் தனியாக ஆடினாய் என்று நினைக்கிறாய். நான் பக்கத்தில் இருந்தபோதும் அப்படித்தான் ஆடினாய். நான் ஒரு இடத்தில் திணறினால், "குடு, நான் பண்றேன்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவாய். கேமில் மட்டும் இல்லை. பேங்க் பாரம் நிரப்பினால் குடு. ஊறுகாய் பாட்டில் திறந்தால் குடு. என் பெரியப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தால்கூட, "குடு, நான் சொல்றேன்." உதவி என்றுதான் செய்தாய், எனக்குத் தெரியும். உன்னைக் கெட்டவன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் முப்பத்தெட்டு வயதில் ஒரு பாட்டிலைத் திறக்கத் தைரியம் இல்லாதவளாக ஆகிவிட்டேன். அதனால்தான் இந்தத் தற்காலிக வேலை என்றதும் கிளம்பி வந்தேன். அன்று இதைச் சொல்லத் தெரியவில்லை, சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் வார்டில் ஒரு விதி உண்டு. நோயாளி தடுமாறினால் நாங்கள் கையை நீட்டக் கூடாது. மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். வந்த புதிதில் நான் மூன்றுக்கு மேல் எண்ணினதே இல்லை. உன்னிடம் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம்.

உன் வாசகர்கள் பற்றி நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், துணிக்கடையில் மாத்திரை கேட்கக் கூடாது. பட்டன் வேகம் கேட்கிற பிள்ளைகளுக்கு அதை எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், "வீட்டில் யாரோடு வேண்டுமானாலும்" என்று எழுதினது நீதானே? பலகையில் மாத்திரை என்று எழுதி வைத்துவிட்டு உள்ளே துணி விற்கலாமா? எழுத்து எத்தனை பெரிது, நடுவில் நிறுத்தலாமா, விழுந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும், மெதுவாக ஆடுகிறவரை கேம் விரட்டுகிறதா, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். நாலு வரி.

தனியாக ஆடினேன் என்று உன் வாசகர்களிடமும் சொல்லிவிடு. என்னிடம் சொன்னது போதாது.

உன்,
கைவைத்தியச்சி

---

ஜூன் 8

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். இந்த வார இதழ் உனக்கு வந்திருக்கும், பதினேழாம் பக்கம், கீழே, ஒரு சின்னக் கட்டம்.

எடிட்டர் லேசில் விடவில்லை. "ஒன்பதுன்னு டப்பாவுலயே அச்சடிச்சிட்டாங்கய்யா! இப்பப் போய் தப்புன்னா நம்ம பேரு என்ன ஆகறது?" என்றார். "நம்ம பசங்கள்ல எவன்யா பொண்டாட்டி கூட உட்கார்ந்து ஆடறான்? யாரு கவனிக்கப் போறா?" என்றார். ஒருத்தி கவனித்துவிட்டாள் சார், என் பொண்டாட்டி என்றேன். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. நீ அங்கே, நான் இங்கே, எட்டு மாதம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "எத்தனை வரி வேணும்?" என்று கேட்டார்.

"இருவர் ஆட வேண்டிய இந்த கேமை நான் ஒருவனாக ஆடி மார்க் போட்டேன். என்னோடு எப்போதும் ஆடுகிறவர் இப்போது வீட்டில் இல்லை. அதை மறைத்தது தப்பு. அந்த ஒன்பதை யாரும் நம்ப வேண்டாம்." இதற்கு மேல் எழுத வரவில்லை.

தண்டனை இல்லாமல் இல்லை. ஆறு மாதத்துக்குப் பெரிய கேம் எதுவும் எனக்கு இல்லை. போனில் ஆடுகிற சில்லறை கேம்களுக்குப் பத்து வரி எழுத வேண்டும். ஆபீஸ் பையன்கள் என்னைப் பார்த்தால் இரண்டு தொடையையும் தட்டிக் காட்டுகிறார்கள்.

அதற்குள் மெயிலில் பதினொரு வாசகர் கடிதம் வந்துவிட்டது. ஏழு பேர் திட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் எழுத்துப் பிழையில்லாமல் திட்டியிருக்கிறார். ஒருத்தி எழுதியதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நாலு மாதமாம். ஒன்பது மார்க் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வீட்டில் பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சே இல்லை. "எல்லாரும் சுகமாக ஆடுகிற கேமில் எங்களுக்கு மட்டும் சண்டை வந்தால் கோளாறு எங்களிடம்தான் என்று நினைத்துப் பயந்துவிட்டோம். இப்போதுதான் மூச்சு வந்தது" என்று எழுதியிருக்கிறாள். பதினாறு வருடமாக மார்க் போடுகிறேன். அந்த மார்க்கை எடுத்துக்கொண்டு ஒருவர் தன் வீட்டுக்குள் போய் என்ன செய்வார் என்று நான் யோசித்ததே இல்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்துப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஊறுகாய் பாட்டில் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எல்லாமே உனக்கு நான் விளக்கம் சொல்வது மாதிரி வந்தது.

இந்த கேமை மறுபடி, சரியாக ஆடி எழுத எடிட்டர் ஒரு பக்கம் தருகிறேன் என்கிறார். டிரைவர் சம்மதித்தால் உன் வார்டுக்கு வந்து அவரோடு ஆடட்டுமா? உனக்குச் சங்கடம் என்றால் வேண்டாம்.

உன்,
வாத்தியார்

---

ஜூன் 12

அன்புள்ள வாத்தியாருக்கு,

கட்டத்தைப் படித்தேன். தையல்காரம்மா சத்தமாக வார்டுக்கே வாசித்துக் காட்டினார். "இவரு உங்க வீட்டுக்காரரா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பிடித்திருந்தது.

டிரைவர் போன திங்கள்கிழமையே பயிற்சிக்குத் திரும்பிவிட்டார். உன் கட்டத்தைக் காட்டி, தப்பு உங்கள் கையில் இல்லை என்றேன். "அந்த ஒன்பது மார்க்கு சாரை வரச் சொல்லுங்க, ஒரு கை பார்க்கணும்" என்கிறார். அவருக்கு ஒரு கைதான் ஒழுங்காக இருக்கிறது, அதை வைத்தே உன்னை ஒரு வழி பண்ணிவிடுவார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வா. விதி தெரியுமல்லவா? கையை நீட்டக் கூடாது. பத்து எண்ண வேண்டும். வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன்,
கைவைத்தியச்சி

---

ஜூன் 17

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வரும்போதே பாதி விமர்சனத்தை எழுதிவிட்டேன், அவ்வளவு உற்சாகம். முதல் பத்தியை உனக்கு எழுதுகிறேன்:

"இந்த கேமை இந்த முறை ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரோடு ஆடினேன். அவருடைய வலது கை மெதுவாகத்தான் நகரும். பதினான்கு முறை பீரோவைப் போட்டோம். பதினைந்தாவது முறை தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நாற்பது நிமிடம் ஆனது. நல்ல ஆட்டம்தான். ஆனால் விழுந்தால் மறுபடி மொட்டை மாடிக்கு அனுப்புகிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, மெதுவாக நகர்கிறவருக்காக ஒரு விநாடியும் காத்திருப்பதில்லை. கை சரியில்லாதவர்கள், வயதானவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் கொஞ்சம் யோசித்து வாங்கவும்."

எப்படி இருக்கிறது? டிரைவர் சொன்னதை அப்படியே கடைசியில் போடப் போகிறேன். "கேம் நல்லாத்தான் இருக்கு சார். வண்டியில புது டிரைவர் கியர் போடத் திணறினா நாம பக்கத்துல உட்கார்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும் இல்ல, அது மாதிரி. ஆனா விழுந்தவனை மறுபடி முதல் படிக்கே துரத்தறது மனுஷத்தனம் இல்ல." மார்க் எத்தனை என்று கேட்டேன். "நான் பாஸா ஃபெயிலான்னு பார்க்கறதோட சரி" என்றார். எடிட்டருக்கு எண் வேண்டும். ஆறு என்று கொடுத்திருக்கிறேன்.

பத்து எண்ணுவது லேசில்லை. முதல் அரை மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன். அவர் கட்டை விரல் அந்தக் குச்சியைத் தேடிப் போகும்போது என் கை தானாக எழும்பியது, நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாயே. ஏழு வரை எண்ணுவதற்குள் அவர் விரல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷம் இதுவரை எந்த கேமிலும் வந்ததில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பஸ் ஏறும்போது, "எப்ப வீட்டுக்கு வர்றே?" என்று கேட்டேன். நீ பையை மட்டும் எடுத்துக் கொடுத்தாய். கூட்டத்தில் காதில் விழவில்லையா, இல்லை கோபமா? நாள் நெருங்குகிறது. அக்கா உன் அலமாரியை ஒழித்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

உன்,
வாத்தியார்

---

ஜூன் 24

அன்புள்ள வாத்தியாருக்கு,

காதில் விழுந்தது. கோபம் இல்லை, வருத்தம்.

விமர்சனம் நன்றாக இருக்கிறது. நீ எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சனிக்கிழமை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவரிடம் நீ எத்தனை கேட்டாய்! கை எந்த இடத்தில் இழுக்கிறது, எழுத்து தெரிகிறதா, கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாமா, அடுத்து எந்தப் பக்கம் போக உங்களுக்குத் தோன்றுகிறது. அவர் முகம் மலர்ந்துபோயிருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

பிறகு நீ என்னோடு பஸ் நிலையம்வரை இருபது நிமிடம் நடந்தாய். அந்த இருபது நிமிடமும் கேமைப் பற்றிப் பேசினாய். என்னைக் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் எப்போது வருகிறாய் என்று. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒன்பது மாதத்தில் இருபத்தாறு பேர் சட்டைப் பொத்தானைத் தாங்களே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். அதை நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கிறது, ஆனாலும் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. கேட்டால் நான் போட மாட்டேன் என்று இன்னொரு மனசுக்குத் தெரியும். ஆபீஸ் பேனாவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பயம்தான். ஆனால் ஒரு மாதிரி நன்றாகவும் இருந்தது.

உன்னை வேண்டாம் என்று போடவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

இன்று காலை டிரைவர் கேட்டார், "சார் இங்கேயே வந்துடலாமே மேடம்? எழுதற வேலைதானே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருடமாக நீயே சொல்வாய், என் வேலைக்கு ஒரு டிவியும் ஒரு மேஜையும் போதும், எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதுவேன் என்று. அப்புறம் எப்படி, ஒன்பது மாதமாக நீ, உன் அக்கா, என் பெரியப்பா, எல்லோரும் "அவள் எப்போது வருகிறாள்" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்? நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும் போவதா வேண்டாமா என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டேன். நீ வருவாயா என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன். இங்கே வருகிறாயா?

முடியாது என்றால் முடியாது என்று எழுது. திட்ட மாட்டேன். கெஞ்சவும் மாட்டேன். ஆனால் நான் இங்கேதான் இருப்பேன்.

உன்,
கைவைத்தியச்சி

---

ஜூன் 29

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாளே என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டாம் நாள், நான் அங்கே வருவது என்கிற ஒன்று என் புத்தியில் ஒரு தடவைகூட வந்ததில்லையே என்று உட்கார்ந்து யோசித்தேன். நான் கெட்டிக்காரன் என்று இவ்வளவு நாள் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

நேற்று எடிட்டரிடம் பேசினேன். மாதம் ஒரு தடவை ஆபீஸுக்கு வந்து முகத்தைக் காட்டினால் போதும் என்கிறார். அக்காவிடம் சொன்னதுதான் கஷ்டம். "அவ வரமாட்டாளாமா?" என்று கேட்டாள். "இல்லக்கா, நான்தான் போறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவையும் சொன்னேன். அப்படியே மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். இன்று காலையில் இறங்கி வந்து, "அங்க குளிருமா, போர்வை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் மாறிவிட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் யோக்கியதை. பழைய புத்தி தலைகாட்டினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடு, கடிதம் வரை வைத்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்து சேருவேன். பஸ் நிலையத்துக்கு வராதே. நீ வழி சொல்ல வேண்டாம், நானே நாலு பேரைக் கேட்டு வந்துவிடுகிறேன். நீ கதவைத் திறந்தால் போதும்.

உன்,
வாத்தியார்